சந்திரசேகர் எல்லை: 0.91, 1.44, 1.46 – எந்த எண் சரி? கப்பலில் நடந்தது எவ்வளவு?

#1 கதிர்நிலவன்

பிளஸ் டூ மாணவர்களுக்காக சுப்ரமணியன் சந்திரசேகர் பற்றி ஒரு மணி நேர உரை தயாராகிறது. தமிழில் கிடைக்கிற கட்டுரைகளில் பெரும்பாலானவை ஒரே தடத்தில் போகின்றன. 19 வயதில் கப்பலில் போகும்போது கண்டுபிடித்தார், பிரிட்டிஷ் வானியலாளர் எடிங்டன் பொறாமையால் மறுத்தார், ஏறக்குறைய ஐம்பது ஆண்டு கழித்து நோபல் வந்தது. கேட்கப்போகும் பிள்ளைகள் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். இதை மட்டும் சொன்னால் அந்த மனிதர் செய்த வேலை என்னவென்றே அவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

தெளிவு வேண்டியவை மூன்று. சந்திரசேகர் எல்லை என்பது வெண்குள்ளனுக்கு (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன்) இருக்கக்கூடிய உச்ச நிறை. அது 1931 கட்டுரையில் 0.91 சூரிய நிறை, பாடநூலில் 1.44, சில இடங்களில் 1.46. ஏன் இத்தனை எண்? கப்பலில் அவர் உண்மையில் எதுவரை போனார்? எடிங்டன் இயற்பியல் ரீதியாக என்ன சொன்னார், அது எங்கே தவறு?

#2 தீட்டா_பூஜ்யம்

முதலில் எண்ணை முடித்துவிடலாம். சூரிய நிறையை அலகாக வைத்தால் எல்லை நிறை = 5.83 ÷ மியூ². இதில் மியூ என்பது ஓர் எலக்ட்ரானுக்கு எத்தனை நியூக்ளியான் (புரோட்டான் அல்லது நியூட்ரான்) என்ற விகிதம். ஹீலியம் 4/2, கார்பன் 12/6, ஆக்சிஜன் 16/8, எல்லாமே 2. ஆகவே 5.83 ÷ 4 = 1.46.

1930-ல் அவர் போட்டது 2.5. விண்மீன்களின் உட்புறம் பெரும்பாலும் கனமான தனிமங்கள் என்றே அப்போது கணக்கில் கொண்டார்கள். கனமான தனிமம், அதுவும் எல்லா எலக்ட்ரான்களையும் இழக்காத நிலை என்று வைத்தால் 2.5 பக்கம் வரும். ஹைட்ரஜன்தான் மிகுதி என்று வானியலாளர் செசிலியா பெய்ன் 1925-லேயே காட்டியிருந்தும், அத்துறையின் மூத்தவரான ரஸ்ஸல் அதை ஒப்புக்கொண்டது 1929-ல்தான். உட்புறத்துக்கும் அது பொருந்தும் என்று ஸ்ட்ரோம்கிரன் கணக்கிட்டது 1932. 2.5-ஐ வர்க்கப்படுத்தினால் 6.25. எல்லை 0.91-க்கு இறங்கியதற்கு இதுவே முக்கியக் காரணம். கோட்பாட்டில் பிழை இல்லை, உள்ளே போட்ட ஒரு எண் அன்றைய எண்.

1.44-க்கும் 1.46-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை யாரும் விளக்குவதில்லை. நியூக்ளியானின் நிறையாக ஹைட்ரஜன் அணுவின் நிறையைப் போட்டால் (1.6735 × 10⁻²⁴ கிராம்) 5.83 என்பது 5.73 ஆகிவிடும்; எல்லை 1.43. அணு நிறை அலகைப் போட்டால் (1.6605 × 10⁻²⁴ கிராம்) 1.456. எல்லை இந்த நிறையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் போவதால், 0.8 சதவீத வித்தியாசம் ஒன்றரை சதவீதமாகிறது. சந்திரசேகர் ஹைட்ரஜன் அணுவின் நிறையைத்தான் எடுத்தார். அவருடைய காலத்து மாறிலிகளோடு 5.75 வந்தது, நான்கால் வகுத்தால் 1.44. கார்பன் விண்மீனுக்கு அணு நிறை அலகே பொருத்தம், கார்பன்-12-ஐ வைத்துத்தானே அந்த அலகையே வரையறுக்கிறோம்.

#3 சேப்பாக்கம்

கப்பல் பற்றி. அந்தப் பதினெட்டு இருபது நாளுக்கு முன்னால் இரண்டு ஆண்டுக் கதை இருக்கிறது, அதை விட்டுவிட்டால் கப்பல் வெறும் அதிசயமாகத் தெரியும்.

1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சொமர்ஃபெல்ட் மெட்ராஸ் வந்து பிரசிடென்சி கல்லூரியில் பேசினார். சந்திரசேகர் அவரைத் தனியாகப் போய்ப் பார்த்தார். நீ படித்திருக்கும் அணு இயற்பியல் பழையதாகிவிட்டது என்று சொன்ன சொமர்ஃபெல்ட், உலோகங்களில் எலக்ட்ரான்கள் பற்றிய தன் புதிய கட்டுரையின் அச்சுப் படியையும் கையில் கொடுத்தார். அதில் இருந்ததுதான் ஃபெர்மி–டிராக் புள்ளியியல், அதாவது எலக்ட்ரான்கள் ஆற்றல் நிலைகளை எப்படி நிரப்பும் என்ற விதி. அதைக் காம்ப்டன் சிதறலுக்குப் பொருத்தி எழுதிய கட்டுரையை கேம்பிரிட்ஜில் இருந்த ரால்ஃப் ஃபவுலருக்கு அனுப்பினார். ராயல் சொசைட்டி 1929-ல் வெளியிட்டது. கட்டுரைக்கு ஃபவுலரைத் தேர்ந்தெடுக்கக் காரணம், வெண்குள்ளன் விண்மீன்களுக்கு அதே புள்ளியியலை 1926-லேயே ஃபவுலர் பயன்படுத்தியிருந்தார்.

ஃபவுலரின் கட்டுரை விடுவித்த முடிச்சு எடிங்டன் போட்டது. சூடு தணிந்தால் அழுத்தம் குறையும், குறைந்தால் விண்மீன் இன்னும் சுருங்க வேண்டும், பிறகு எப்படித்தான் குளிர்ந்து அடங்கும் என்பது கேள்வி. ஒரே குவாண்டம் நிலையில் இரண்டு எலக்ட்ரான் இருக்க முடியாது என்ற பௌலி தவிர்ப்புக் கோட்பாட்டினால் எலக்ட்ரான்கள் வெப்பநிலை சுழியானாலும் அழுத்தம் தரும் என்பது ஃபவுலரின் பதில். இந்த டிஜெனரசி அழுத்தம் அடர்த்தியின் 5/3 அடுக்கில் ஏறுகிறது. இதை எடிங்டனின் பாலிட்ரோப் முறையோடு (அழுத்தத்தை அடர்த்தியின் ஓர் அடுக்காக வைத்து விண்மீனின் உள்ளமைப்பைக் கணக்கிடுவது) சந்திரசேகர் மெட்ராஸிலேயே இணைத்துவிட்டார். வந்த முடிவு: மைய அடர்த்தி சராசரி அடர்த்தியைப் போல் 6 மடங்கு.

1930 ஜூலை 31, பம்பாயிலிருந்து கப்பல். ஆகஸ்டில் வெனிஸ். அந்த 6 மடங்கை வைத்துக்கொண்டு அவர் கேட்ட அடுத்த கேள்விதான் எல்லாவற்றுக்கும் திறவுகோல்: மையத்தில் எலக்ட்ரான் என்ன வேகத்தில் போகும்? நீங்களே போட்டுப் பார்க்கலாம். எலக்ட்ரானின் உச்ச உந்தத்தை அதன் நிறை × ஒளிவேகம் என்பதால் வகுத்து வரும் எண்ணை எக்ஸ் என்போம். அடர்த்தி = 9.74 லட்சம் × மியூ × எக்ஸ்³ கிராம்/கன செ.மீ. சராசரி அடர்த்தி 10 லட்சம் என்றால் மையத்தில் 60 லட்சம். மியூ 2 என்றால் எக்ஸ்³ = 3.08, எக்ஸ் = 1.455. வேகம் = எக்ஸ் ÷ √(1 + எக்ஸ்²) = ஒளிவேகத்தில் 82 சதவீதம்.

82 சதவீதம் வந்த பிறகு 5/3 அடுக்கை நம்ப முடியாது. சிறப்புச் சார்பியலைச் சேர்த்தால், உச்ச நிலையில் அடுக்கு 4/3 ஆகிறது. 4/3 என்றால் பாலிட்ரோப் எண் 3 (அடுக்கு = 1 + 1/எண்). எண் 3-க்கு ஒரு தனிக்குணம் உண்டு. ஆரமும் மைய அடர்த்தியும் நிறைக்கான சூத்திரத்திலிருந்து விழுந்துவிடும். ஒரே ஒரு நிறைதான் சாத்தியம். கப்பலில் கைக்கு வந்தது இதுதான்.

#4 மருதன்

அப்படியானால் ஸ்டோனர், ஆண்டர்சன்? 1929–30-லேயே அவர்கள் சார்பியலைச் சேர்த்துவிட்டார்களே. சந்திரசேகர் பெயர் மட்டும் நின்றது நியாயமா?

#5 தீட்டா_பூஜ்யம்

நியாயமான கேள்வி, மருதன். லீட்ஸில் இருந்த எட்மண்ட் ஸ்டோனர் 1930-ல் வெளியிட்டதும் எல்லை நிறைதான். டார்டுவில் இருந்த வில்ஹெல்ம் ஆண்டர்சன் 1929-லேயே சார்பியல் திருத்தத்தைத் தொட்டார். லாண்டாவ் 1932-ல் தனியாக ஏறக்குறைய 1.5 சூரிய நிறை என்று எழுதினார். உரையில் இவர்கள் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள்.

வித்தியாசம் எங்கே என்றால், ஸ்டோனர் விண்மீன் முழுவதும் ஒரே அடர்த்தி என்று வைத்து, மொத்த ஆற்றல் எங்கே மிகக் குறைவு என்று பார்த்தார். அப்படிச் செய்தால் சரியான விடையைவிட 20 சதவீதம் கூடுதலாக வரும். மியூ 2.5-க்கு ஸ்டோனர் 2.19 × 10³³ கிராம், சந்திரசேகர் 1.822 × 10³³ கிராம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் அந்த 1.2 அப்படியே வரும். உள்ளே ஒவ்வோர் அடுக்கிலும் அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் நிற்க வேண்டும் என்ற நிபந்தனையை முழுக்கத் தீர்த்தவர் சந்திரசேகர். உண்மையான விண்மீனில் எண் 3-க்கு மைய அடர்த்தி சராசரியைப் போல் 54 மடங்கு. சீரான அடர்த்தி என்பது அதற்கு எவ்வளவு தூரம் என்று பாருங்கள். அப்படியிருந்தும் நிறையில் 20 சதவீதம்தான் பிசகியது என்பது ஸ்டோனருக்குப் பெருமை.

#6 ரூங்கேகுட்டா

மாணவர்களுக்கு இதை ஒரு பைத்தான் நிரலாகக் கொடுங்க சார், இருபது வரி போதும். பாலிட்ரோப் விண்மீனின் உள்ளமைப்பைச் சொல்ற லேன்–எம்டன் சமன்பாட்டை ஒரே இரண்டாம் படிச் சமன்பாடாக வைக்காம, இரண்டு முதல் படியாப் பிரிச்சுக்கணும்.

தீட்டாவின் மாற்றம் = −ஃபை ÷ க்சை²
ஃபையின் மாற்றம் = க்சை² × தீட்டா³

க்சை என்பது மையத்திலிருந்து தொலைவு, தீட்டா மையத்தில் 1, மேற்பரப்பில் 0. ஃபைதான் நிறை.

க்சை 0-லிருந்து ஆரம்பிச்சா முதல் படியிலேயே சுழியால் வகுத்து நிரல் விழுந்திரும். க்சை 0.001-ல் ஆரம்பிங்க. அங்கே தீட்டா = 1 − க்சை²/6 + க்சை⁴/40, ஃபை = க்சை³/3. நான்காம் படி ரூங்கே–குட்டா, படி அளவு 0.01 தாராளம். தீட்டா எதிர்க்குறிக்குப் போற இடத்தில் நிறுத்தி, கடைசி இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்கோட்டு இடைச்செருகல் போடுங்க. க்சை 6.897, ஃபை 2.018 வரணும். வந்தா நிரல் சரி.

பிறகு அழுத்தம் = கே × அடர்த்தி^(4/3) என்பதில் கே = 1.2435 × 10¹⁵ ÷ மியூ^(4/3), சிஜிஎஸ் அலகில். நிறை = 4π × (கே ÷ πஜி)^(3/2) × 2.018. மியூ 2-க்கு 2.896 × 10³³ கிராம். சூரியன் 1.989 × 10³³. வகுத்தால் 1.456.

அலகு கலப்புதான் அடிக்கடி நடக்கிற தவறு. கே-ஐ சிஜிஎஸ்-லயும் ஜி-ஐ எஸ்ஐ-லயும் போட்டா விடை பத்தின் அடுக்கில் எங்கேயோ போய் நிற்கும். ஜி-க்கு 6.674 × 10⁻⁸ போடுங்க.

#7 இளவேனில்

இதே நிரலில் பாலிட்ரோப் எண்ணை 1.5 ஆக்கினால் கடைசிப் படியில் எண்ணே இல்லை என்று காட்டுகிறது. 3-க்கு ஒழுங்காக ஓடுகிறது. ஏன்?

#8 ரூங்கேகுட்டா

மேற்பரப்பைத் தாண்டற படியில் தீட்டா கொஞ்சம் எதிர்க்குறி ஆகும். எதிர் எண்ணுக்கு மூன்றாம் அடுக்கு உண்டு, 1.5 அடுக்கு மெய்யெண்ணில் கிடையாது. ரூங்கே–குட்டா ஒரு படிக்குள்ளேயே நாலு முறை மதிப்பிடும், அதனால வெளியே நிறுத்தச் சோதனை வைத்தாலும் உள்ளேயே மாட்டும். அடுக்குப் போடும் முன்னால, தீட்டா எதிர்க்குறின்னா 0-ன்னு எடுத்துக்கோன்னு ஒரு வரி சேருங்க. 1.5-க்கு க்சை 3.654, ஃபை 2.714, மைய அடர்த்தி சராசரியைப் போல் 5.99 மடங்கு. சேப்பாக்கம் மேலே சொன்ன 6 மடங்கு இதுதான்.

#9 சேப்பாக்கம்

இனி நான் மிக முக்கியமாகக் கருதுகிற பகுதி. 1930 கணக்கு இரண்டு பக்கக் கட்டுரை. மெட்ராஸ் கணக்கைச் சொன்ன முதல் கட்டுரையை ஃபவுலர் வெளியிட ஏற்பாடு செய்தார். எல்லை பற்றிய இரண்டாவது அவர் மேசையிலேயே கிடந்தது. சந்திரசேகர் அதை அமெரிக்காவின் அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னலுக்கு அனுப்பி, 1931-ல் வந்தது. ஆனால் அந்தக் கட்டுரை ஒரு கேள்வியைத் திறந்தே வைத்திருந்தது. எல்லா எலக்ட்ரானும் ஏறக்குறைய ஒளிவேகத்தில் போகும் விண்மீனுக்கு ஒரே நிறைதான் என்று அது சொல்கிறது. உண்மையான வெண்குள்ளனின் நடுவில் எலக்ட்ரான் வேகம், ஓரத்தில் மெதுவு. 5/3-லிருந்து 4/3-க்கு மெல்ல மாறும் அந்த முழு விண்மீன் எப்படி இருக்கும்? நிறை ஏற ஏற அது அந்த எல்லையை நோக்கித்தான் போகுமா, இல்லை வேறெங்காவது திரும்புமா?

1932-ல் அவர் கண்ட முடிவு தமிழில் எங்கும் பேசப்படுவதில்லை. மொத்த அழுத்தத்தில் கதிர்வீச்சு அழுத்தத்தின் பங்கு 9.2 சதவீதத்தைத் தாண்டினால், எவ்வளவு அமுக்கினாலும் அந்தப் பொருள் டிஜெனரேட் நிலைக்கே போகாது. அதாவது மிகப் பெரிய விண்மீனுக்கு வெண்குள்ளனாக அடங்கும் வழி தொடக்கத்திலேயே மூடியிருக்கிறது. என் பார்வையில் எல்லை நிறையைவிட இதுவே கூர்மையான வாதம், ஏனென்றால் இது விண்மீன் எங்கே போய்ச் சேரும் என்பதையே பேசுகிறது.

1934-ல் முழுக் கணக்கு. துல்லியமான அழுத்தச் சூத்திரத்தை வைத்து லேன்–எம்டனுக்குப் பதிலாகப் புதிய சமன்பாடு ஒன்றை எழுதினார். வலப்பக்கம் −தீட்டா³ இருந்த இடத்தில் −(ஃபை² − 1/ஒய்²)^(3/2); இங்கே ஃபை லேன்–எம்டனின் தீட்டாவுக்குப் பதில் வரும் மாறி, ஒய்² = 1 + மைய எக்ஸ்². ஒவ்வொரு மைய அடர்த்திக்கும் தனியாக மையத்திலிருந்து ஓரம் வரை எண்முறையில் தொகையிட வேண்டும். பத்து விண்மீன்களுக்குச் செய்தார், கையால் சுழற்றும் கணக்குப் பொறியை வைத்து. அந்தப் பொறியை ஏற்பாடு செய்து கொடுத்தவரே எடிங்டன்தான். அடிக்கடி அறைக்கு வந்து கணக்கு எதுவரை போயிருக்கிறது என்று பார்த்தவரும் அவரே.

மையத்தில் எக்ஸ் 1 என்றால் (கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2 டன்) விண்மீன் சுமார் 0.5 சூரிய நிறை. எக்ஸ் ஏற ஏற நிறை ஏறுகிறது, ஆரம் குறைகிறது, 1930-ன் எல்லைக்கு வரும்போது ஆரம் சுழி. திரும்பும் இடமே இல்லை. கப்பல் கணக்குக்கு உயிர் கொடுத்தது இந்தப் பத்துப் புள்ளிகள். 19 வயது, கப்பல் என்று மட்டும் சொல்கிறவர்கள் 24 வயதில் அவர் செய்த இந்தக் கடும் உழைப்பை மறைத்துவிடுகிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

#10 ரூங்கேகுட்டா

இந்த முழுச் சமன்பாட்டை ஓட்டுறவங்க கவனிக்க: மேற்பரப்பு ஃபை = 0 இல்லை, ஃபை = 1/ஒய். சுழி வரைக்கும் ஓட்டினா அடைப்புக்குள்ளே எதிர்க்குறி வந்து மறுபடி அதே 3/2 அடுக்குச் சிக்கல்.

#11 பொன்னி டீச்சர்

கதிர்நிலவனின் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

1935 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை, லண்டன் பர்லிங்டன் ஹவுஸில் ராயல் வானியல் கழகக் கூட்டம். சந்திரசேகர் பேசி முடித்ததும் எடிங்டன் பேசினார். விண்மீன் சுருங்கிக்கொண்டே போய், சில கிலோமீட்டர் ஆரத்தில் ஈர்ப்பு ஒளியையே வெளியே விடாத நிலை வரும் என்பதுதான் இந்தக் கணக்கின் விளைவு என்று அவரே தெளிவாக எடுத்துச் சொன்னார். இப்படி அபத்தமாக ஒரு விண்மீன் நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். கருந்துளையை வாசல் வரை கொண்டுவந்துவிட்டு அவர் கதவைச் சாத்திய இடம் இது.

அந்த விதியை அவர் தேடியது அழுத்தச் சூத்திரத்தில். சார்பியல் இயக்கவியலையும் சார்பியல் அல்லாத குவாண்டம் கோட்பாட்டையும் ஒட்டவைத்த சூத்திரம் இது, முறைப்படி பிறந்ததல்ல என்பது அவர் வாதம். சரியாகச் செய்தால் 5/3 அடுக்கே எல்லா அடர்த்திக்கும் நிற்கும், எல்லை காணாமல் போகும் என்றார். பெட்டிக்குள் நிலை அலைகளாக இருக்கும் எலக்ட்ரான்களுக்கும் முன்னேறும் அலைகளுக்கும் இடையில் லோரென்ட்ஸ் மாற்றத்தை (ஒரு நோக்கரின் அளவுகளை இன்னொருவருக்கு மாற்றும் சார்பியல் விதி) அவர் பயன்படுத்திய விதம்தான் பிழை. அழுத்தத்துக்குத் தேவையானவை இரண்டே. ஓர் உந்த நிலைக்கு இத்தனை எலக்ட்ரான் என்ற எண்ணிக்கை, அந்த உந்தத்துக்கு எவ்வளவு ஆற்றல் என்ற சார்பியல் தொடர்பு. முதலாவதைச் சார்பியல் மாற்றாது. இரண்டாவதில் வேகம் ஒளிவேகத்தைத் தாண்டாது. அடுக்கு குறைவதற்கு இந்த இரண்டும் போதும், மாணவர்களுக்கு இப்படியே சொல்லலாம்.

மறுப்புகள் வராமல் இல்லை. சந்திரசேகர் கோபன்ஹேகனில் இருந்த இயற்பியலாளர் ரோசன்ஃபெல்டுக்கு எழுதினார். நீல்ஸ் போரும் பௌலியும் தனிப்பட்ட முறையில் சந்திரசேகர் பக்கம்தான். கிறிஸ்டியன் மொல்லரும் சந்திரசேகரும் சேர்ந்து 1935-லேயே ஒரு குறிப்பு வெளியிட்டார்கள். பயர்ல்ஸ் 1936-ல் அதே சூத்திரத்தை வேறு வழியில் நிறுவினார். டிராக், பயர்ல்ஸ், பிரைஸ் மூவரும் சேர்ந்து எடிங்டனின் லோரென்ட்ஸ் வாதத்தை நேரடியாக மறுத்தது 1942-ல். ஆனால் இயற்பியலாளர்கள் பேசிய இடம் ஒன்று, வானியலாளர்கள் கேட்ட இடம் வேறு. பெரிய பெயர்கள் வானியல் கூட்டத்தில் எழுந்து நின்று சொல்லவில்லை. பாதிப்பு அங்கேதான்.

பொறாமை என்பதற்கு ஆதாரம் எனக்குத் தெரிந்து இல்லை. எடிங்டன் அந்த ஆண்டுகளில் குவாண்டத்தையும் சார்பியலையும் இணைக்கும் சொந்தக் கோட்பாடு ஒன்றில் முழுகியிருந்தார். இந்தச் சூத்திரம் அதற்குக் குறுக்கே நின்றது. இருவரும் பிறகும் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1982-ல் எடிங்டன் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளை கேம்பிரிட்ஜில் நிகழ்த்தியவர் சந்திரசேகர்.

#12 மருதன்

டீச்சர், பொறாமை இல்லை என்றே வைப்போம். ஆனால் எடிங்டன் எதிர்ப்பால் கருந்துளை ஆய்வு முப்பது ஆண்டு பின்தங்கியது என்பது சரிதானே?

#13 பொன்னி டீச்சர்

பாதி சரி. 1939-லேயே ஓப்பன்ஹைமரும் வோல்கோஃபும் நியூட்ரான் விண்மீனுக்கு இதே வகை எல்லையைக் கணக்கிட்டார்கள். அதே ஆண்டு ஓப்பன்ஹைமரும் ஸ்னைடரும் முழுச் சரிவைக் கணக்கிட்டார்கள். வழி அடைபடவில்லை. பிறகு போர் வந்தது, வேலை வேறு பக்கம் திரும்பியது. 1960-களில் குவாசர்களும் பல்சர்களும் கிடைக்கும் வரை வானில் காட்ட எதுவுமில்லை. 1935-ஐ மட்டும் குற்றம் சொன்னால் இவை எல்லாம் மறைந்துவிடும்.

சந்திரசேகருடைய சொந்த வாழ்க்கையில் விளைவு நேரடியானது. இங்கிலாந்தில் நிலையான வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை தேய்ந்தது. 1936 செப்டம்பரில் லலிதாவோடு திருமணம், 1937 ஜனவரியில் விஸ்கான்சினில் உள்ள யெர்க்ஸ் வானாய்வகம். 1939-ல் விண்மீன் அமைப்பு பற்றி எல்லாவற்றையும் ஒரு நூலில் எழுதி முடித்துவிட்டு, அந்தத் துறையைவிட்டு நகர்ந்தார்.

#14 நீள்வட்டம்

அந்த நகர்தல்தான் அவர் வாழ்க்கையின் வடிவம். 1943 வரை விண்மீன் கூட்டங்களின் இயக்கம். 1943–50 கதிர்வீச்சுப் பரிமாற்றம். 1952–61 பாய்மங்களின் நிலைப்பு. 1961–68 சுழலும் நீள்வட்ட உருவங்கள். அதோடு இணையாகப் பொதுச் சார்பியல். 1974–83 கருந்துளைகளின் கணிதம். கடைசியில் நியூட்டனின் பிரின்சிபியா; அதைப் பற்றிய நூல் வந்த 1995-லேயே, ஆகஸ்ட் 21 அன்று சிகாகோவில் காலமானார். ஒரு துறைக்குள் நுழைவார், வரிசையாகக் கட்டுரைகள், முழுவதையும் முதலிலிருந்து திருத்தி எழுதிய ஒரு நூல், வெளியேற்றம். இதோடு 1952 முதல் 1971 வரை அஸ்ட்ரோஃபிசிகல் ஜர்னலின் ஆசிரியர் பொறுப்பு. ஒரு பல்கலைக்கழகத்தின் இதழாக இருந்ததை அமெரிக்க வானியல் கழகத்தின் இதழாக மாற்றிக் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்.

மாணவர்களுக்குக் கதிர்வீச்சுப் பரிமாற்றத்திலிருந்து ஒன்றை எடுத்துக் காட்டலாம். விண்மீனின் வளிமண்டலத்தில் ஒளி பலமுறை சிதறி வெளியே வருகிறது. எந்தக் கோணத்தில் எவ்வளவு வரும்? இதற்கான விடையை அவர் ஹெச்-சார்பு என்ற ஒன்றில் அடக்கினார். அது தன்னைத்தானே உள்ளடக்கிய தொகையீட்டுச் சமன்பாடு. எல்லா இடத்திலும் ஹெச் = 1 என்று ஊகித்து, வலப்பக்கத்தில் போட்டு, வருவதை மறுபடி போட்டு, மாறாமல் நிற்கும் வரை சுற்ற வேண்டும். ஒளி கொஞ்சமும் உட்கவரப்படாமல் சிதறினால் இந்தச் சுற்று மிக மெதுவாகத்தான் அடங்கும். அப்போது சமன்பாட்டை 1/ஹெச் வடிவில் மாற்றி எழுதிச் சுற்றினால் சீக்கிரம் வரும். சரிபார்க்க: உட்கவர்தல் இல்லாமல் எல்லாத் திசையிலும் சமமாகச் சிதறும் நிலையில் ஹெச்-சின் தொகையீடு சரியாக 2; நேர்க்குத்தாக வெளிவரும் கதிருக்கு ஹெச் = 2.908. இவற்றில் ஒன்று பிசகினாலும் தொகையீட்டுப் புள்ளிகள் போதவில்லை என்று அர்த்தம்.

இதே வேலையின் நீட்சியில், எலக்ட்ரான் சிதறல் மிகுந்த விண்மீனின் விளிம்பில் ஒளி 11.7 சதவீதம் தளவிளைவு (ஒளி அலை ஒரு தளத்தில் மிகுதியாக அதிர்வது) அடைந்திருக்கும் என்று 1946-ல் கணித்தார். இன்று கருந்துளைகளைச் சுற்றும் வட்டுகளின் எக்ஸ்-கதிர்த் தளவிளைவை அளக்கிறவர்களுக்கும் அந்த அட்டவணைதான் தொடக்கம்.

#15 இளவேனில்

விண்மீன்களின் இயக்கம் பற்றிய வேலை ஒரு வரியில் போய்விட்டதே? இயக்க உராய்வு அங்கேதான் வந்தது, 1943. கனமான ஒரு பொருள் விண்மீன்களுக்கு நடுவே போனால், கடந்து போன விண்மீன்கள் அதன் பின்னால் குவிந்து பின்னிழுக்கும். இன்று விண்மீன் மண்டலங்கள் இணைவதைக் கணக்கிடும் எல்லாரும் இதைத்தான் முதலில் எழுதுகிறார்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள். 1942-ல் ஷோன்பர்க்கோடு சேர்ந்து கண்ட எல்லை வேறு. ஹைட்ரஜன் தீர்ந்த உள்ளகம் விண்மீனின் மொத்த நிறையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மேலிருக்கும் சுமையைத் தாங்காது என்பது அது. இணையத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

#16 சேப்பாக்கம்

பெயர்க் குழப்பம் இன்னொன்று: ஆசிரியர் ரால்ஃப் ஃபவுலர் வேறு, 1983 நோபலைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஃபவுலர் வேறு. பிறந்த ஊரும் சென்னை அல்ல, லாகூர், 1910 அக்டோபர் 19. தந்தை அங்கே அரசுப் பணியில் இருந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, பிறகு பிரசிடென்சி. சி.வி.ராமன் சிற்றப்பா.

உரைக்கு உதவும் ஒரு தகவல். இன்று எல்லாரும் பார்க்கிற ராமானுஜன் படம், அந்தப் பாஸ்போர்ட் புகைப்படம், கணிதவியலாளர் ஹார்டி கேட்டுக்கொண்டதற்காக 1936-ல் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாளிடம் போய் சந்திரசேகர் வாங்கி வந்தது.

#17 கதிர்நிலவன்

எல்லாருக்கும் நன்றி. ஒன்று மட்டும் பாக்கி. விண்மீன் சரியாக 1.46-ல்தான் சரியுமா? முதல் வகை-ஏ சூப்பர்நோவாவுக்கு (வெண்குள்ளனின் வெடிப்பு) 1.38 என்று பார்த்தேன்.

#18 தீட்டா_பூஜ்யம்

1.46 என்பது வெப்பநிலை சுழி, சுழற்சி இல்லை, அணுக்கருக்களும் எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் கணக்கில் கொள்ளவில்லை, ஈர்ப்புக்கு நியூட்டன் விதி என்ற நான்கு எளிமைப்படுத்தல்களோடு. அணுக்கரு–எலக்ட்ரான் மின்னீர்ப்பு அழுத்தத்தைச் சிறிது குறைக்கும், எல்லை இறங்கும். கார்பன்–ஆக்சிஜன் வெண்குள்ளனில் எல்லையைத் தொடும் முன்பே, சுமார் 1.37–1.38-ல் மையத்தில் கார்பன் எரியத் தொடங்கிவிடும். அந்த 1.38 சரிவு எல்லை அல்ல, பற்றிக்கொள்ளும் நிறை.

பொதுச் சார்பியலைச் சேர்த்தால் என்ன ஆகும் என்பதற்கும் சந்திரசேகரே 1964-ல் திரும்பி வந்தார். அழுத்தம் 4/3 அடுக்குக்குச் சற்று மேலே இருந்தாலும் போதாது, ஈர்ப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு கூடுதலாக வேண்டும் என்று காட்டினார். கார்பன் வெண்குள்ளனுக்கு மைய அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 2.6 × 10¹⁰ கிராம் அளவில் இந்த நிலையின்மை வந்துவிடும். நியூட்டன் கணக்கு சொன்ன 'ஆரம் சுழி' என்ற புள்ளிக்கு எந்த விண்மீனும் போகாது, அதற்கு வெகு முன்னாலேயே நிலைகுலையும். 1935-ல் எடிங்டன் கேட்ட விதி அழுத்தச் சூத்திரத்தில் இல்லை. அவர் நன்கு அறிந்த பொதுச் சார்பியலில் இருந்தது, அதுவும் சரிவைத் தடுக்கவில்லை, முன்கூட்டியே கொண்டுவந்தது.

மாணவர்களுக்கு வீட்டுக் கணக்காக இதைக் கொடுங்கள்: பெரிய விண்மீனின் உள்ளகம் கார்பன் அல்ல, இரும்பு. 56 ÷ 26 = 2.154. அதை வர்க்கப்படுத்தி 5.83-ஐ வகுக்கச் சொல்லுங்கள், 1.26 வரும். சரிவு தொடங்கும்போது இரும்பின் உட்கரு எலக்ட்ரான்களை விழுங்குவதால் மியூ இன்னும் ஏறும். எல்லை எந்தப் பக்கம் நகரும், அதனால் சரிவு வேகம் பிடிக்குமா தணியுமா என்று அவர்களே சொல்லட்டும்.